கோலாலம்பூர் அலுவலகத்தில் 'முடியாது' எப்படி வரும்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கோலாலம்பூருக்கு மேலாளராக வருகிறவர்களுக்கு முதல் மாதம் பெரிய சிரமம் எதுவும் தெரியாது. அலுவலகத்தில் எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் மல்லிகைப் பூவும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கின்றன. வானொலியைத் திருப்பினால் மின்னல் எஃப்எம் தமிழில் பேசுகிறது. நம்ம ஊர் மாதிரிதானே இருக்கிறது என்று தோன்றும். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் சிக்கல் தலைகாட்டும். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டி ஒப்புக்கொண்ட வேலை சொன்ன நாளில் முடிந்திருக்காது. தாமதமாகும் என்று யாரும் முன்கூட்டியே எச்சரித்ததாகவும் நினைவிருக்காது.

எச்சரித்திருப்பார்கள். உங்கள் காதில் அது எச்சரிக்கையாக விழுந்திருக்காது, அவ்வளவுதான். இந்த ஊரில் "முடியாது" என்பதை எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேரே சொல்வது அபூர்வம். அது வேறு வடிவத்தில், வேறு நேரத்தில், பல சமயம் வேறு ஒருவர் வாயிலாக வரும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, மறுப்பு எந்த வழியாக வருகிறது என்று கவனிக்கப் பழகுவதுதான் முதல் வேலை. நான் இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்த அலுவலகங்களில் வேலை பார்ப்பவன். நல்ல திறமையோடு வந்த பலர் இந்த ஒரு விஷயம் பிடிபடாமல் குழுவோடு ஒட்டாமல் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: பெயரைச் சரியாகக் கூப்பிடுங்கள்

வந்த முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டியது இது. மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அகமட் பின் அப்துல்லா என்றால் அப்துல்லாவின் மகன் அகமட். அவரை 'மிஸ்டர் அப்துல்லா' என்று கூப்பிட்டால் அவருடைய அப்பாவைக் கூப்பிடுகிறீர்கள். என்சிக் (திரு) அகமட் என்பதுதான் முறை. மணமான பெண்களுக்குப் புவான், மற்றவர்களுக்குச் சிக். பெயரில் பிந்தி என்று இருந்தால் மகள். இந்தியர்களின் அடையாள அட்டையில் வரும் ஏ/எல், ஏ/பி இரண்டும் அதே கதைதான். மகன், மகள் என்று பொருள். தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டுப் பழகிய நமக்கு இது சுலபமாகவே பிடிபடும்.

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். லிம் சியூ மெய் என்றால் லிம் குடும்பப் பெயர். 'மிஸ் மெய்' என்று கடைசி அசையை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். பலர் ஆங்கிலப் பெயர் ஒன்றும் வைத்திருப்பார்கள். எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டுவிடுவது நல்லது.

வாடிக்கையாளர் தரப்பில் டத்தோ, டான்ஸ்ரீ என்று பட்டம் பெற்றவர் இருந்தால் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும், மின்னஞ்சலிலும்கூட. ஒருவருடைய பட்டத்தை விட்டுவிட்டால் அவர் உங்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் உங்கள் குழுவில் யாரிடமாவது சொல்லி அனுப்புவார். மறுப்பு சுற்றி வரும் என்றேனே, அதற்கு இது முதல் உதாரணம்.

கைகுலுக்கலில் ஒரு கவனம் தேவை. மலாய்ப் பெண்கள் சிலர் ஆண்களோடு கைகுலுக்குவதில்லை. அவர் கையை நீட்டுகிறாரா என்று ஒரு கணம் பொறுத்துப் பாருங்கள். நீட்டாவிட்டால் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தால் போதும். எதிர்ப்பாலினத்தவரோடு கைகுலுக்காத ஆண்களும் உண்டு.

இரண்டாம் படி: நாட்காட்டியை முன்னால் விரித்து வையுங்கள்

காலக்கெடு போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. வெள்ளிக்கிழமை மதியம் 12:30 மணியளவிலிருந்து 2:45 வரை முஸ்லிம் ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய் வருவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் கூட்டம் வைத்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அழைப்பை ஏற்காமலும் மறுக்காமலும் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் பதிலில்லாமைதான் பதில். மற்ற நாட்களிலும் மாலைக் கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் அசர் தொழுகைக்கு ஒரு பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். பெரும்பாலான அலுவலகக் கட்டடங்களில் சூராவ் என்ற தொழுகை அறை இருக்கும்.

ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே நகரும். நோன்பு மாதத்தில் முக்கியமான பேச்சையெல்லாம் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் நாலு மணிக்கு மேல் யாரையும் பிடித்து உட்கார வைக்காதீர்கள். நோன்பு திறக்கும் நேரம் இரவு 7:30-ஐ ஒட்டி வரும், அதற்குள் நெரிசலைத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். பெருநாள் வாரத்தில் நகரமே கம்பத்துக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்கு, கிளம்பிவிடும். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும்.

சீனப் புத்தாண்டுக்குப் பொது விடுமுறை இரண்டு நாள்தான். ஆனால் சீன வியாபாரிகள், தொழிற்சாலைகள் பலவும் நல்ல நாள் பார்த்துத்தான் திரும்பத் திறப்பார்கள், அது ஒரு வாரத்துக்கு மேலும் போகலாம். சப்ளையரிடம் சரக்கு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் அதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். தீபாவளிக்குச் சரவாக்கில் விடுமுறை இல்லை. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரில் உண்டு, எல்லா மாநிலங்களிலும் இல்லை. சபாவிலும் சரவாக்கிலும் இருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்களுக்கு மே மாதக் கடைசியில் காமத்தானும் ஜூன் தொடக்கத்தில் கவாயும் பெரிய பண்டிகைகள். அவர்களை மலாய்க்காரர் என்று நினைத்துப் பெருநாள் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், தங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று நினைப்பார்கள். கிளந்தான், திரங்கானு, கெடா மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கே கிளை இருந்தால் வாரத்தில் நான்கு நாள்தான் இரு பக்கமும் ஒன்றாக வேலை செய்யும்.

விடுப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது. மருத்துவரிடம் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) வாங்கியவரை வீட்டுக்கு ஃபோன் போட்டு "அந்த ஃபைல் எங்கே?" என்று கேட்பது இங்கே பெரிய மரியாதைக் குறைவு.

மூன்றாம் படி: கூட்டத்தில் கேட்கும் "கேன்" எந்த "கேன்"?

இதுதான் கட்டுரையின் நடுமையம். நிதானமாகப் படியுங்கள்.

நெதர்லாந்து ஆய்வாளர் ஹேர்ட் ஹோஃப்ஸ்டெட், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளை வைத்து நாடுகளை ஒப்பிட்டார். அதிகாரத்தில் மேல், கீழ் என்ற இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவில் மலேசியாவுக்கு 104 புள்ளி கிடைத்தது. பட்டியலில் அதுதான் முதலிடம். இந்தியாவுக்கு 77. நெதர்லாந்துக்கு 38. ஒரே நிறுவனத்தில், அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த கணக்கு. அதை வைத்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அளந்துவிட முடியாது, அளக்கவும் கூடாது. ஆனால் நம் ஆட்கள் "எங்கள் ஊரிலும்தான் மேலதிகாரிக்குப் பயப்படுகிறோம், இதில் என்ன வித்தியாசம்?" என்று அலட்சியமாக இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்த எண்கள் ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும்.

வித்தியாசம் பழக்கத்தில் இருக்கிறது. சென்னை அலுவலகத்தில் மேலாளர் ஒரு தேதி சொன்னால், "சார், கஷ்டம் சார், அந்த டீம் இன்னும் தரலை" என்று யாராவது இழுப்பார்கள். பேரம் நடக்கும். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவார்கள். கூச்சலுக்கு நடுவே உண்மை வெளியே வந்துவிடும். இங்கே அந்தப் பேரம் கூட்ட அறையில் நடக்காது. இப்படித்தான் போகும்:

"இதை வர்ற வெள்ளிக்குள்ள முடிச்சிடலாமா?"

மேசையைச் சுற்றி ஒரு சின்ன அமைதி. ஒருவர் மடிக்கணினித் திரையைப் பார்க்கிறார். மூத்தவர் பக்கம் இரண்டு பேருடைய கண்கள் போய் வருகின்றன. மூத்தவர் சொல்கிறார்: "கேன் கோட்... வீ டிரை லா." ('முடியும் போல... முயற்சி செய்கிறோம்' என்று பொருள்.) மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

இங்கே பழகிய யாருக்கும் அந்த இடத்தில் மறுப்பு கேட்டுவிட்டது. முதலில் அமைதி, அப்புறம் மூத்தவரைத் தேடிய கண்கள், அப்புறம் 'கோட்'. மலாய்ப் பேச்சில் 'கோட்' ஒட்டிக்கொண்டால் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். "சீ ஹவ் லா" (பார்க்கலாம்), "நாந்தி சாயா ச்சுபா" (அப்புறம் முயற்சி செய்கிறேன்), பல்லிடுக்கில் மூச்சை இழுப்பது, கேள்விக்கு இன்னொரு கேள்வியைப் பதிலாகத் தருவது, எல்லாம் இதே வகை. "இன்ஷா அல்லா" என்றால் மட்டும் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். மனமார்ந்த உறுதியாகவும் இருக்கலாம், தயக்கமாகவும் இருக்கலாம். ஒருவரோடு பழகப் பழகத்தான் பிரித்தறிய முடியும்.

சரி, என்ன செய்யலாம்?

"முடியுமா?" என்ற கேள்வியையே கைவிடுங்கள். அதற்கு மரியாதையான பதில் ஒன்றுதான் இருக்கிறது. "இதைச் செய்ய என்னென்ன வேலை இருக்கு? ஒவ்வொன்னுக்கும் எத்தனை நாள் வேணும்?" என்று கேளுங்கள். நாளைக் கூட்டிப் பார்த்தால் மறுப்பு தானாக எண்ணாகி நிற்கும், யாரும் யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. "எங்கே மாட்டிக்கும்னு நினைக்கிறீங்க?" என்பதும் நல்ல கேள்வி. தடையைச் சொல்லும்படி நீங்களே கேட்டுவிட்டீர்கள். அதைச் சொல்வது இப்போது கீழ்ப்படிதல்.

மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்பாக மூத்தவரிடம் தனியே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவரை ஒதுக்கியதாகப் படும். கேள்வி கேட்டபின் வரும் அமைதியை நீங்களே பேசி நிரப்பாதீர்கள். பத்து விநாடி பொறுங்கள். உங்களுக்கு அது மிக நீளமாகத் தெரியும், இங்கே உள்ளவர்களுக்கு அது யோசிக்கும் நேரம். முக்கியமான முடிவு என்றால் பத்து நிமிடம் அறையை விட்டு வெளியே போய்விட்டு, குழு தங்களுக்குள் பேசி எழுதி வைக்கட்டும் என்று விடுவதும் நன்றாக வேலை செய்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூட்டத்துக்கு முன்னும் பின்னும். உண்மை பெரும்பாலும் மாமாக் கடையில்தான், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடையில்தான், வெளியே வரும். ஒரு தே தாரேக் தேநீர், ஒரு ரொட்டி சானாய், பத்து நிமிடம் பிள்ளைகள் படிப்பும் கால்பந்தும், அதற்கப்புறம் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் "அந்த வெள்ளிக்கிழமை மேட்டர் இருக்குல்ல, பாஸ்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியத்துக்காக உட்கார்ந்திருங்கள். அவசரமாகப் பில்லைக் கட்டிவிட்டுக் கிளம்பினால் அது வராது. கேட்டபின், மறுநாள் கூட்டத்தில் "நேத்து இவர் சொன்னார், முடியாதாம்" என்று சொல்லிவிடாதீர்கள். தேதியை நீங்களே மாற்றியதாக அறிவியுங்கள். அப்படி ஒருமுறை அவரைக் காப்பாற்றினால் அடுத்த முறை உங்களிடம் முன்பே சொல்வார்கள்.

இதில் நம் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, அது மற்றவர்களுக்குப் புரிவதில்லை. மறுக்கிறோம் என்றே பலர் நினைக்கிறார்கள். வாயைத் திறந்து 'எஸ்' என்று சொல்லிவிடுங்கள். சாதாரணமாகப் பேசும்போதே குரல் உயர்ந்துவிடும் வழக்கம் உள்ளவர்கள் அதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இங்கே உயர்ந்த குரல் என்றால் கோபம்.

திருத்தம் சொல்லும்போது

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெயரைப் போட்டு "இது ஏன் இன்னும் முடியவில்லை?" என்று எழுதாதீர்கள். குழுவில் இருக்கும் இருபது பேரும் அதைப் படித்திருப்பார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடுவார். மூன்று மாதம் கழித்து வேலையை விட்டுப் போகும்போதும் உங்களிடம் நல்லபடியாகவே பேசிவிட்டுப் போவார். காரணம் கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

கதவை மூடிக்கொண்டு தனியாகப் பேசுங்கள். ஆளை விட்டுவிட்டு வேலையைப் பற்றிப் பேசுங்கள். மூத்த மலாய் ஊழியர் என்றால், அவர் மதிக்கும் ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்புவதும் இங்கே ஏற்கப்பட்ட வழி. உங்களில் பலர் அதைக் கோள் சொல்வதாகப் பார்க்கிறார்கள், இங்கே அது இருவர் முகத்தையும் காக்கும் ஏற்பாடு. பொதுவாகச் சீன சக ஊழியர்கள் பணம், நாள், அளவு பற்றி நேரடியாகப் பேசுவார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் இனத்தைவிட, ஒருவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்த ஊரில் வளர்ந்தார் என்பது அதிகம் சொல்லும். தேசியப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று மூன்று வகை இங்கே உண்டு. சீனப் பள்ளியில் படித்த மலாய்க்காரரும் இந்தியரும் இருக்கிறார்கள், மாண்டரினில் சரளமாகப் பேசுவார்கள். முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

மலேசியத் தமிழரிடம்

இதை ஒரு தனி வேண்டுகோளாகவே வைக்கிறேன். பெயரைக் கேட்டதும் "நேட்டிவ் எது?" என்று கேட்காதீர்கள். பலருக்கும் ஊர் பேராக், கெடா, சிலாங்கூர் தோட்டங்கள். கொள்ளுத்தாத்தா கப்பலேறி ரப்பர் வெட்ட வந்து நான்கைந்து தலைமுறை ஆகிவிட்டது. இலங்கையிலிருந்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. சாதியை நேராகவும் கேட்காதீர்கள், சுற்றி வளைத்தும் கேட்காதீர்கள்.

எங்கள் தமிழில் மலாய் கலந்திருக்கும். தமிழ்ச் சொற்களையும் சில இடங்களில் வேறு விதமாகச் சொல்வோம். காலை உணவைப் பசியாறுவது என்போம், காசை வெள்ளி என்போம். தேசியப் பள்ளியில் படித்த சிலருக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. அதைக் குறையாகச் சுட்டாதீர்கள்.

தமிழ் பேசுகிறார் என்பதற்காக அவரை உங்கள் மொழிபெயர்ப்பாளராகவோ, "அவங்க என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்கும் ஆளாகவோ ஆக்கிவிடாதீர்கள். அப்புறம் குழுவில் மற்றவர்கள் அவரை நம்ப மாட்டார்கள். மலாய், சீன ஊழியர்கள் இருக்கும் கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் தமிழில் பேசிக்கொள்வதும் வேண்டாம். அவரும் உங்களிடம் "சரிங்க" என்றுதான் சொல்வார். மூன்றாம் படியில் சொன்னது அவருக்கும் பொருந்தும்.

வெளியே, வீட்டருகே

சாப்பிட்டாச்சா என்று மூன்று இனத்தாரும் கேட்பார்கள். அது முகமன். "ஆச்சு, நீங்க?" என்றால் போதும்.

குழுவாகச் சாப்பிடப் போனால் ஹலால் சான்றுள்ள கடையாகப் பாருங்கள். பன்றி இறைச்சி இல்லை என்று பலகை போட்டிருந்தால் மட்டும் அது ஹலால் ஆகிவிடாது. ஹலால் சான்று வழங்கும் அரசுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறந்தநாள் கேக்குக்கும் இதே விதி. மாட்டிறைச்சி சாப்பிடாத இந்துக்களைப் போல, குவான் யின் என்ற தெய்வத்தின் வழிபாட்டால் அதைத் தவிர்க்கும் சீனர்களும் உண்டு. பொருந்தாத கடையைத் தேர்ந்தெடுத்தால் "வயிறு சரியில்லை", "வேறு வேலை இருக்கு" என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்வார். அதை அப்படியே நம்பிவிட்டு அடுத்த வாரமும் அதே கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

ஆட்களைச் சுட்டுவிரலால் காட்ட வேண்டாம். விரல்களை மடக்கி வலது கட்டைவிரலால் காட்டுங்கள். பொருள் கொடுப்பதும் வாங்குவதும் வலது கையில். இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் அலுவலகத்திலும் சமூக ஊடகத்திலும் விமர்சிக்காதீர்கள். சட்டச் சிக்கலே வரலாம்.

கடைசிப் படி: ரூமா தெர்புக்கா

பண்டிகைக் காலத்தில் திறந்த இல்ல விருந்துக்குக் கூப்பிடுவார்கள். கட்டாயம் போங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். பசி இல்லாவிட்டாலும் ஒரு கெத்துபாட்டும் (ஓலையில் வேகவைத்த சோறு) கொஞ்சம் ரெண்டாங்கும் (தேங்காய்ப்பாலில் வற்ற வைத்த இறைச்சி) எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் கோழி எது என்று கேட்டால் அவர்களே எடுத்துத் தருவார்கள். சீனப் புத்தாண்டுக்குப் போகும்போது மாண்டரின் ஆரஞ்சை இரட்டைப்படையாக இரு கையாலும் கொடுங்கள். நாம் 101, 501 என்று ஒற்றைப்படையில் மொய் வைக்கிறோம். சீனர்களுக்கு ஒற்றைப்படையும் வெள்ளை உறையும் துக்க வீட்டுக்கு உரியவை. அங்பாவ், அதாவது உறையில் வைத்த அன்பளிப்புப் பணம், கொடுப்பது மணமானவர்களின் வழக்கம். சிவப்பு உறை எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பிறகு தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். ஹலால் சான்றுள்ள கேட்டரிங்கில் உணவு சொல்லி, அதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுப் பாத்திரங்களில் பரிமாறினால் சிலர் கேட்கவும் கூச்சப்பட்டுத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் காகிதத் தட்டும் புதுக் கரண்டியும் வாங்கி வையுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம், சைவ உணவுக்குத் தனி மேசை. முறுக்கும் அதிரசமும் தாராளமாகச் செய்யுங்கள், எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். பிற்பகல் 2 மணி முதல் இரவு 9 வரை என்று நேரத்தை அகலமாகப் போட்டால் வருகிறவர்களுக்கு வசதி. மஃரிப் (அந்தித் தொழுகை) நேரத்துக்கு ஓர் அறையை ஒழித்து, தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.